ஒரு தலை தேவை

1954ஆம் வருஷம் காரைக்காலில் ஆளாளுக்கு ஒரு நாடு தேவைப்பட்டது. பிரான்சா இந்தியாவா என்று டீக்கடைகளில் கட்சி கட்டிக்கொண்டு கத்தினார்கள். தலத்தெரு அற்புதராஜுக்கு இரண்டில் எது வந்தாலும் ஆட்சேபம் இல்லை. அவனுக்குத் தேவைப்பட்டது ஒரு தலை. பெண்ணின் தலையாக இருக்க வேண்டும். முடி நீளமாக இருக்க வேண்டும். அதை அவன் கையில் ஒரு பகல் முழுக்க ஒப்படைத்துவிட்டு அந்தப் பெண் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அவன் சைகோனில் மதாம் லுவெல் என்ற பிரெஞ்சுக்காரியின் முடியலங்காரக் கடையில் ஏழு வருஷம் இருந்தவன். முதல் மூன்று வருஷம் கீழே விழுந்த முடியைப் பெருக்கினான். அடுத்த இரண்டு வருஷம் தலை கழுவினான். கடைசி இரண்டு வருஷம் கட்டை சுற்றினான். நேரான முடியைச் சுருட்டையாக்குவதற்கு அதைச் சின்னச் சின்னக் கற்றையாகப் பிரித்து, விரல் நீளத்தில் இடை சிறுத்த மரக்கட்டைகளில் சுற்றி, அதன்மேல் மருந்து ஊற்ற வேண்டும். சுற்றுவது வரைதான் அற்புதராஜ். மருந்து ஊற்றுவதும், நேரம் பார்ப்பதும், அவிழ்ப்பதும் மதாம். ஒரு தலையை முதலிலிருந்து கடைசி வரை அவனே செய்யும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தபோது வடக்கே பிரெஞ்சுப் பட்டாளம் தோற்றுப்போயிற்று. மதாம் கடையைப் பூட்டிக்கொண்டு பிரான்சில் இருக்கும் மார்செய்க்குக் கப்பலேறினாள். பழைய கட்டைகள் அறுபதையும், மருந்துப் புட்டிகள் சிலவற்றையும் அவனிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அவன் காரைக்காலுக்குக் கப்பலேறினான்.

ஆகஸ்டு முதல் வாரத்தில் மதாமிடமிருந்து கடிதம் வந்தது. மார்செய்யில் புதுக்கடை திறக்கிறாளாம். ஆள் வேண்டுமாம். 'நீ தனியாகச் செய்து முடித்த ஒரு தலையின் புகைப்படத்தை அனுப்பு. நன்றாக இருந்தால் கப்பலுக்கும் காகிதங்களுக்கும் நான் பொறுப்பு.' அவ்வளவுதான் கடிதம். அற்புதராஜ் அதை மடித்து மடித்து வைத்ததில், மடிப்பில் கிழிந்து நாலு துண்டாகியிருந்தது. அம்மா அவன் சைகோனில் இருந்தபோதே செத்துப்போயிருந்தாள். அண்ணன் வீட்டின் முன்னறையை அவனுக்கு விட்டிருந்தார், 'கப்பல் வர்ற வரைக்கும்' என்று. எந்தக் கப்பல் என்று அவரும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

அந்த முன்னறையில் கடை போட்டான். வாசலில் நீலத்தில் வெள்ளை எழுத்தாகப் பிரெஞ்சில் ஒரு பலகை மாட்டினான். பிரெஞ்சில் பலகை இருந்தால் அது சர்க்கார் ஆபீசு என்பது ஊரார் தலைமுறை தலைமுறையாகக் கண்டறிந்த உண்மை. முதல் வாரத்தில் ஏழு பேர் பிறப்புச் சான்றிதழ் கேட்டு வந்தார்கள். நெடுங்காட்டிலிருந்து வந்த ஒரு மிராசுதார், வாய்க்கால் தண்ணீர்த் தகராறு பற்றி ஒரு மனுவைக் கொடுத்துவிட்டு, எவ்வளவு சொல்லியும் திருப்பி வாங்காமல் போய்விட்டார். பத்து நாள் கழித்து வந்து, மனு என்னவாயிற்று என்று சத்தமும் போட்டார்.

பெண்கள் யாரும் வரவில்லை. அவனாகப் போய் எதிர்வீட்டுக் காசியம்மாவிடம் கேட்டுப் பார்த்தான்.

"ஏந்தம்பி, எம்மவளுக்குப் பொறந்ததுலேருந்தே சுருட்ட. அத நீட்டிவுடத்தான் நான் மாசாமாசம் எண்ணெயா ஊத்துறேன். நீ என்னடான்னா நீட்டமா இருக்குறத சுருட்டுறேங்குற. அதுக்குக் காசு வேற குடுப்பாளுவளாக்கும்?"

"சைகோன்ல வரிசைல நின்னு குடுப்பாங்க அக்கா. கறுப்பு முடிய வெளுக்க வைக்கிறதுக்கும் குடுப்பாங்க."

காசியம்மா அவனை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு வாசலில் விளையாடிக்கொண்டிருந்த மகளைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

கை மறந்துபோகாமல் இருக்க, அவன் தேங்காய் நாரில் சுற்றிப் பார்த்தான். நாரில் மருந்து பிடிக்கவில்லை. மூன்றாவது வாரம் ஜட்காக்காரர் மதார் சாகிபின் குதிரையிடம் போனான். குதிரை பெண் குதிரைதான் என்று முதலில் நிச்சயப்படுத்திக்கொண்டான். மதாமுக்கு எழுதும்போது பொய் சொல்ல வேண்டியிருக்காது. மதார் சாகிபு பெரிய பள்ளிவாசலுக்குத் தொழப்போன நேரத்தில் ஆரம்பித்தது, அவர் திரும்பி வரும்போது வாலில் இருபது கட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அவர் சாட்டையை எடுத்தார். அவிழ்த்த பிறகு கீழே வைத்தார். வால் அலை அலையாக, ஒரு சீமாட்டியின் கூந்தல் மாதிரி விழுந்தது. அந்த வாரம் காரைக்கால் ஸ்டேஷனில் இறங்கியவர்கள் மற்ற ஜட்காக்களை விட்டுவிட்டு அந்தக் குதிரையைத் தேடிப் போனார்கள்.

போட்டோக்காரர் நெய்னா முகம்மதுவிடம் அற்புதராஜ் ஒரு யோசனை கேட்டான். "வால மட்டும் கிட்டப் போயி எடுத்தா எப்பிடி இருக்கும் பாய்?"

"எடுக்கலாம் தம்பி. நல்லா வரும். அதுக்கு மேல என்னா இருக்குன்னு மார்செய்க்காரி கேட்டா என்னா எழுதுவ?"

அற்புதராஜ் அதைப் பற்றி மூன்று நாள் யோசித்தான்.

நாலாம் நாள் செல்வம்மாள் வந்தாள். மாதா கோயிலுக்குப் பின்தெருவில் இருக்கும் குஞ்சம்மாவின் மகள், இருபத்துமூன்று வயது. கூந்தல் இடுப்புக்குக் கீழே ஒரு சாண். உள்ளே வராமல் நிலைப்படியில் நின்றுகொண்டு சொன்னாள்:

"அற்புதராசு, அந்தக் குதிரைக்குப் போட்டத எனக்குப் போட்டுவுடு."

அவன் அவள் கூந்தலை நுனிவரை ஒரு தடவை கண்ணால் அளந்தான். "நெசமாவா?"

"ஏழாந்தேதி வேளாங்கண்ணில மொட்ட அடிக்கப்போறாங்க. போற முடிதான? ரெண்டு மூணு நாளு அந்தக் குதிரயாட்டம் இருந்துட்டுப் போறேன்."

விஷயம் இதுதான். அவளுடைய அண்ணன் சிலுவைராஜ் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோனுக்கும் வடக்கே தொங்கின் சண்டைக்குப் போனவன். இரண்டு வருஷமாகத் தகவல் இல்லை. பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றார்கள், செத்துப்போனான் என்றார்கள். மகன் உயிரோடு இருந்தால் மகளின் கூந்தலைத் தருவதாகக் குஞ்சம்மா ஆரோக்கிய மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள். தன் தலையில் அப்போதே பாதி நரை. அதைக் கொடுத்தால் மாதாவுக்கு மரியாதையாக இருக்காது என்பது அவள் எண்ணம். ஆகஸ்டுக் கடைசியில் கடிதம் வந்தது. விட்டுவிட்டார்களாம். ஆஸ்பத்திரியில் எலும்பும் தோலுமாகக் கிடக்கிறானாம். ஆனால் இருக்கிறான். திருநாளுக்கு முதல்நாள் முடி போயாக வேண்டும்.

"ஒங்கம்மாகிட்ட கேட்டியா?"

"நான் கேட்டா ஒதைப்பாங்க. நீ கேளு, நாசூக்கா."

மூன்று நாள் ரொம்ப அதிகம் என்று அற்புதராஜ் நினைத்தான். நெய்னா முகம்மதுவின் போட்டோப் பெட்டிக்கு ஒரு நொடி போதும்.

குஞ்சம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அவன் 'அத்தை' என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னான். மார்செய்யைச் சொன்னான், மதாமைச் சொன்னான், கிழிந்த கடிதத்தை நாலு துண்டாகக் காட்டினான். குஞ்சம்மா மீனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அத்தன்னு கூப்புட்டுக்கிட்டு வந்து தலயத் தொட்டா ஊரு என்னாடா பேசும்? பெரியம்மான்னு கூப்புடு."

"சரிங்க பெரியம்மா."

"இப்ப அவ ஒனக்குத் தங்கச்சி. தொடலாம்."

ஒரு நிமிஷத்தில் அவனுக்கு ஒரு தங்கை கிடைத்தாள். அதில் வேறு ஏதாவது நஷ்டம் உண்டா என்று பார்க்க அவனுக்கு அப்போது அவகாசம் இல்லை. செல்வம்மாள் அடுப்படியில் ஏதோ பாத்திரத்தைத் தேவைக்கு மேல் சத்தமாக வைத்தாள்.

"கத்திரிக்கோல் படக்கூடாது," என்றாள் குஞ்சம்மா. "ஒரு முடி உதுந்தாலும் எங்கிட்ட குடுத்துடணும். அது என் முடியும் இல்ல, அவ முடியும் இல்ல, அவங்க முடி. மருந்து ஊறுற நேரம் முழுக்க ஜெபமால சொல்லணும். சொல்லி முடிக்கிற வரைக்கும் முழங்கால்லேருந்து ஒருத்தரும் எழுந்திரிக்கப்படாது. நீயுந்தான். சைகோன்ல எல்லாத்தயும் மறந்துட்டு வந்திருப்ப."

"மறக்கல பெரியம்மா."

இதெல்லாம் அவனுக்குச் சௌகரியமாகவே பட்டது. கப்பலில் உப்புத்தண்ணீர் புகுந்து அவன் கைக்கடிகாரம் நின்றுபோயிருந்தது. குஞ்சம்மா வீட்டில் கடிகாரமே கிடையாது. ஆனால் குஞ்சம்மா ஜெபமாலை சொல்லும் வேகம் தெருவுக்கே தெரிந்த ஒன்று. கூடவும் கூடாது, குறையவும் குறையாது. புதன்கிழமை சாயங்காலம் நெய்னா முகம்மதுவின் சட்டைப்பைக் கடிகாரத்தை இரவல் வாங்கிக்கொண்டு போய், ஜெபத்தில் கூட உட்கார்ந்து, முழங்காலுக்கடியில் ஒளித்து வைத்துப் பார்த்தான். ஐம்பத்துமூன்று மணியையும் உருட்டி முடிக்கப் பதினேழு நிமிஷம். மதாம் புட்டியில் எழுதியிருந்தது பதினைந்திலிருந்து இருபது. காரைக்கால் வெயிலுக்கு மருந்து சீக்கிரமாகவே வேலை செய்யும், ஆகவே பதினேழு. அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

இடுப்பு தாண்டிய முடிக்கு அறுபது கட்டை போதாது. ஒரே கட்டையில் அவ்வளவு நீளத்தைச் சுற்றினால் மேல்சுற்று மருந்தைக் குடித்துவிடும், உள்சுற்றுக்கு ஒன்றும் போகாது. ஒரு கற்றைக்கு இரண்டு கட்டை போட வேண்டும்: பாதியிலிருந்து வேர் வரை ஒன்று, நுனியிலிருந்து பாதி வரை ஒன்று, சின்னது பெரியதன் முதுகில் ஏறிக்கொள்ளும். வெள்ளிக்கிழமை முழுக்க மூங்கில் வெட்டி இன்னும் அறுபது கட்டை சீவினான். காரைக்கால்மேட்டில் வலைக்கு மிதவை செதுக்குகிற ஒருவர், இவன் சீவுவதைப் பார்த்துவிட்டு, இவ்வளவு சின்ன மிதவையில் என்ன மீன் பிடிப்பாய் என்று கேட்டார். மார்செய் என்றான். அது எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தான். குஞ்சம்மா வீட்டு முற்றத்தில் ஒரு முக்காலி. அதில் செல்வம்மாள். முதலில் எண்ணெய் போக வேண்டும். பிறந்ததிலிருந்து ஊற்றிய தேங்காயெண்ணெய். சீயக்காய் மூன்று தடவை, சவுக்காரம் இரண்டு தடவை. ஐந்தாவது தடவைதான் முடியில் தண்ணீர் நின்றது. குஞ்சம்மா ஒரு முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, உதிர்ந்த முடிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டாள்.

பிறகு சுற்ற ஆரம்பித்தான். உச்சியில் முதல் கட்டை. அடுத்த வரிசையில், கொத்தனார் செங்கல் வைப்பதுபோல, மேலே இரண்டு கட்டைக்கு நடுவில் இருக்கும் சந்துக்கு நேராகக் கீழே ஒரு கட்டை. வரிசை வரிசையாக நேர்கோட்டில் வைத்தால் அவிழ்த்த பிறகு தலையில் பாத்தி கட்டிய மாதிரி வகிடு வகிடாகத் தெரியும். செங்கல் அடுக்காக வைத்தால் எங்கே பிரித்தோம் என்பது முடிக்கே தெரியாது. ஒவ்வொரு நுனியையும் சிகரெட் சுற்றும் மெல்லிய காகிதத்தில் மடித்துத்தான் சுற்ற வேண்டும். நுனி மடங்கினால் தூண்டில் முள் மாதிரி நின்றுவிடும். இழுத்துச் சுற்றக்கூடாது, மருந்து பட்டால் முடி உப்பும், உப்புவதற்கு இடம் வேண்டும். இதையெல்லாம் அவன் வாய்க்குள் சொல்லிக்கொண்டே சுற்றினான். தான் ஏழு வருஷமாகக் கற்றுக்கொண்டது எல்லாம் விரலில் இருக்கிறது என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே நாள் அதுதான்.

"கழுத்து வலிக்குது," என்றாள் செல்வம்மாள்.

"குனியாத."

"குதிரகிட்டயும் இப்பிடித்தான் பேசினியா?"

"அது இவ்வளவு பேசல."

"ஒதச்சிச்சாமே?"

"ஒரு தடவதான்."

"எனக்கும் ஒரு தடவ பாக்கி வச்சிரு." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நெசமாவே நல்லா இருக்குமா?" என்று கேட்டாள்.

"மார்செய்ல இருக்குறவங்கல்லாம் பாக்கப்போறாங்க."

"நான் பாக்குறத சொல்லு."

"நல்லா இருக்கும்."

குஞ்சம்மா முறத்தைத் தட்டினாள். இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

பகல் மூன்று மணிக்கு நூற்றிருபதாவது கட்டையும் ஏறியது. நெய்னா முகம்மது சீக்கிரமே வந்து, தலையைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டு, "யா அல்லா, பனங்காய்க் கொலையாட்டம் இருக்கு," என்றார். ஆனாலும் அவருக்கு அந்த அடுக்கு பிடித்துப்போயிற்று. அவராகவே பின்பக்கமாகப் பெட்டியை வைத்து ஒரு படம் எடுத்தார். "இதுக்குக் காசு வேணாம். என் கடை சன்னல்ல வச்சிக்கிறேன். நீ மருந்த ஊத்து தம்பி, நான் போயி அசர் தொழுதுட்டு வந்துடுறேன். வெயிலு சாயறதுக்குள்ள எடுத்தாதான் சுருட்டைல வெளிச்சம் நிக்கும்." கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார்.

அற்புதராஜ் மருந்தை ஊற்றினான். அழுகிய முட்டையும் நவச்சாரமும் கலந்த நாற்றம் முற்றம் முழுக்க எழுந்தது. குஞ்சம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, சிலுவை வரைந்து, முழங்காலில் நின்றாள். அவனும் நின்றான், நிறுத்து மருந்துக் கிண்ணத்தைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு. முதல் மருந்து முடியை உள்ளே இளக்கும். இரண்டாவது மருந்து, இளகினது போதும் என்று சொல்லி அந்த வடிவத்திலேயே இறுக்கும். இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் தொழில்.

குஞ்சம்மா அவள் வேகத்தில் சொன்னாள். அவனும் செல்வம்மாளும் அவர்கள் வேகத்தில் பதில் சொன்னார்கள். ஜெபமாலையின் கடைசிப் பத்தான ஐந்தாம் பத்து முடிந்தது. பதினேழு நிமிஷம். அற்புதராஜ் ஒரு முழங்காலை எடுத்துப் பாதத்தை ஊன்றினான்.

குஞ்சம்மா கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "இன்னிக்கு மொதச் சனிக்கெழம. மாதா பிரார்த்தனையும் சொல்லிடுவோம்."

மாதத்தின் முதல் சனிக்கிழமை ஜெபமாலையோடு பிரார்த்தனையும் உண்டு என்பது தலத்தெருவில் நடக்கக் கற்றுக்கொண்ட குழந்தைக்கும் தெரியும். அவன் அளந்தது புதன்கிழமை.

நிறுத்தச் சொல்லியிருக்கலாம். இரண்டு வார்த்தை. பிற்பாடு ஊரில் எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள், அவனே அவனைக் கேட்டுக்கொண்டான். ஆனால் பாதியில் நின்ற பிரார்த்தனை ஒன்றை அவன் வாழ்நாளில் பார்த்ததில்லை. சின்ன வயதில் பக்கத்து வீட்டுக் கூரை பற்றியபோதுகூட, பிரார்த்தனையை முடித்துவிட்டுத்தான் எழுந்துபோய்த் தண்ணீர் மொண்டார்கள். கூரை போயிற்று. அதற்காக யாரும் யாரையும் குறை சொன்னதில்லை. அதுவுமில்லாமல் இது நேர்ந்துகொண்ட முடி. அங்கே ஆஸ்பத்திரியில் ஒருவன் எலும்பும் தோலுமாகக் கிடக்கிறான். தான் வாயைத் திறந்து நிறுத்தி, அவன் அங்கே மூச்சை நிறுத்திவிட்டால்? ஊன்றிய பாதம் தானாகவே பின்னுக்குப் போயிற்று. அவன் திரும்பவும் இரண்டு முழங்காலிலும் இருந்தான்.

குஞ்சம்மா மாதாவின் பட்டங்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஐம்பது சொச்சம் உண்டு.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்," என்றான் அற்புதராஜ்.

அவன் அவசரமாகப் பதில் சொல்லிப் பார்த்தான். குஞ்சம்மா அதற்குத் தண்டனையாக அடுத்ததை இன்னும் நிதானமாகச் சொன்னாள்.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்," என்றாள் செல்வம்மாள். அதே மூச்சில், "எரியுது."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்," என்றான் அவன்.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். அற்புதராசு, எரியுது."

குஞ்சம்மா குரலை உயர்த்தினாள். செல்வம்மாள் கண்ணில் தண்ணீர் வந்தது. மருந்தின் காரமா வேறா என்று அவனுக்குத் தெரியவில்லை. அவள் அவனையே பார்த்துக்கொண்டு பதில் சொன்னாள். அவனும் அவளையே பார்த்துக்கொண்டு பதில் சொன்னான். ஒன்றரைச் சுற்று, ஒரே ஒரு கட்டையை ஒன்றரைச் சுற்று அவிழ்த்துப் பார்த்தால் முடி இளகியது போதுமா என்று தெரிந்துவிடும். கை நாலு விரற்கடை தூரத்தில் இருந்தது. கூப்பியிருந்தது.

பிரார்த்தனை முடிந்தது. அந்த வருஷம் பாப்பரசர் மாதாவுக்கென்று ஒதுக்கிய வருஷம். அதற்குத் தனியாக ஒரு ஜெபம் இருந்தது, நீளமான ஜெபம். பிறகு பாப்பரசருக்காக ஒன்று. உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்களுக்காக. சிலுவைராஜுக்காக. அவனுக்கு ஊசி போடுகிற கன்னியாஸ்திரிகளுக்காக. அவன் ஏறப்போகிற கப்பலுக்காக. அவனைப் பிடித்து வைத்திருந்து பிறகு விட்டவர்களுக்காகவும், அவர்கள் மனம் திரும்ப. கடைசியில், "தொழில் செய்ற இந்தப் புள்ளையோட கைக்காகவும்," என்றாள் குஞ்சம்மா. ஆமென் என்று அற்புதராஜ் சொன்னான். நாற்பது நிமிஷத்துக்குக் குறைந்திருக்காது.

எழுந்து தண்ணீரை ஊற்றினான். நிறுத்து மருந்தை ஊற்றினான். நிறுத்துவதற்கு உள்ளே எதுவும் மிச்சமில்லை. உச்சியில் முதல் கட்டையைத் தொட்டான். அவிழ்க்க வேண்டியிருக்கவில்லை. கட்டை முடியோடு கையில் வந்தது. வேக வைத்துக் குழைந்த சேமியா மாதிரி இழுத்த இழுப்புக்கு நீண்டு, அறுந்தது.

அடுத்த கட்டை. அதற்கடுத்தது. அவன் ஒரு கட்டையாவது நிற்குமா என்று வரிசை தவறாமல் எடுத்துக்கொண்டே போனான். பாதியில் குஞ்சம்மா முறத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். நூற்றிருபது கட்டையும் முறத்துக்கு வந்தன. செல்வம்மாளின் தலையில் அங்கங்கே இரண்டு விரற்கடை முடி ஒட்டிக்கொண்டிருந்தது. நடுநடுவே சிவந்த தோல்.

"கண்ணாடி," என்றாள்.

அவன் கொடுத்தான். அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். தலையை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாள், கடையில் புடவை பார்ப்பதுபோல. பிறகு கண்ணாடியைக் கவிழ்த்து முக்காலியில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

நெய்னா முகம்மது பெட்டியோடு வந்தார். முறத்தைப் பார்த்தார், அற்புதராஜைப் பார்த்தார். பெட்டியின் காலைத் திரும்பவும் மடக்கினார்.

"தம்பி," என்றார், "அந்தக் குதிரையையே எடுத்திருக்கலாம்."

ஏழாம் தேதி தாயும் மகளும் வாஞ்சூர் எல்லையைத் தாண்டி வேளாங்கண்ணிக்குப் போனார்கள். முறத்திலிருந்ததை ஒரு துணிப்பையில் கட்டி எடுத்துப் போனார்கள். முடி இறக்குபவர் தலையைப் பார்த்துவிட்டு, "யாரும்மா இத ஏற்கெனவே மேய்ஞ்சது?" என்று கேட்டாராம். இருந்ததைச் சிரைத்தார். பையிலிருந்ததை என்ன செய்வது என்று அவருக்கும் தெரியவில்லை.

அற்புதராஜிடம் மிஞ்சியது நெய்னா முகம்மது எடுத்த அந்தப் பின்பக்கப் படம்தான். கட்டைகள் ஏறிய தலை. அதை மதாமுக்கு அனுப்பி, முடிந்த தலையின் படம் பின்னால் வருகிறது என்று எழுதினான். அக்டோபர் பாதியில் பதில் வந்தது. கொடி எப்போது மாறும், என்றைக்கு மாறும் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த சமயம். மதாம் எழுதியிருந்தாள்: 'அடுக்கில் ஒரு குறையும் இல்லை. நான்கூட இவ்வளவு சுத்தமாகச் செய்ததில்லை. கட்டையைப் பார்த்துவிட்டேன், முடி எங்கே? வருஷக் கடைசிக்குள் அனுப்பு. அதற்குமேல் இடத்தை வைத்திருக்க முடியாது.'

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து செல்வம்மாள் வரும் வழியில் அவன் நின்றான். அவள் தலையில் முக்காடு.

"பெரியம்மா எப்பிடி இருக்காங்க?"

"அண்ணங்கிட்டேருந்து லெட்டர் வந்துருக்கு. ஊருக்கு வரலியாம். ஆஸ்பத்திரிக்காரங்க நேரா பிரான்சுக்கு அனுப்புறாங்களாம். மார்செய்க்கு. ஒடம்பு தேறினா அங்கயே இருந்துடுவேங்குறான்."

"மார்செய்க்கா?"

"நேந்த முடி ஒழுங்காப் போயிச் சேரல, அதான் புள்ள தடம் மாறிப் போயிட்டான்னு அம்மா ஒன்னத்தான் ஏசுறாங்க. இனிமே வளர்றதயும் நேந்துட்டாங்க. அடுத்த திருநாளுக்கு." அவள் கொஞ்சம் நின்றாள். "லெட்டர் வந்துச்சா ஒனக்கு?"

"வந்துச்சு. அடுக்கு நல்லா இருக்காம்."

"நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள் அவள். பாய் கடைச் சன்னலில் பார்த்திருக்கிறாள். பிறகு யாரும் வருகிறார்களா என்று பார்த்துவிட்டு முக்காட்டை விலக்கினாள். கறுகறுவென்று முக்கால் அங்குலம். "சுத்துவியா இத?"

அவன் பார்த்தான். இருப்பதில் மெல்லிய கட்டைக்கு இரண்டரைச் சுற்றாவது வந்தால்தான் அலை விழும். இரண்டரைச் சுற்றுக்கு மூன்று அங்குலம். மாதத்துக்கு அரை அங்குலம் வளர்ந்தால் இன்னும் நாலரை மாதம். மார்ச். மதாம் சொன்னது டிசம்பர்.

"சுத்தாது," என்றான்.

"பாத்தியா, அப்பவும் கணக்குப் போட்டுட்டுத்தான் சொல்ற." அவள் சிரித்தாள். ரொம்ப நேரம் சிரிக்கவில்லை. "வேற தலயப் பாரு அற்புதராசு. எனக்குப் போதும்." முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போனாள்.

அன்று மத்தியானம் மதாமுக்கு எழுத உட்கார்ந்தான். முடி எங்கே என்ற கேள்விக்கு உண்மையான பதில், வேளாங்கண்ணியில் ஒரு துணிப்பையில் என்பது. அதைப் பிரெஞ்சில் எழுதிப் பார்த்தான்; பைத்தியக்காரன் எழுதியது போலிருந்தது. கிழித்துவிட்டு, அடுத்த மாதம் அனுப்புகிறேன் என்று எழுதினான். பிழையில்லாமல் வந்திருந்தது.

தபாலில் போட்டுவிட்டுக் குழாயடி வழியாக வந்தான். ஐந்து பெண்கள் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவன் கண் பழக்கத்தில் பின்பக்கமாகப் போயிற்று: ஒன்று இடுப்பு வரை, நல்ல அடர்த்தி, ஒன்று தோளுக்குக் கீழே, ஒன்று மெலிசு, சின்னக் கட்டை போதும். காசியம்மாதான் முதலில் அவனைப் பார்த்தாள். முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். மற்ற நாலு பேரும் திரும்பிப் பார்த்துவிட்டுப் போட்டுக்கொண்டார்கள்.